இனிக்கும் நஞ்சில் இலாபம் எங்கிருந்து வருகிறது?

வேங்கடாசலம்:

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், சளிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீர் நின்று, சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதைக்கூடத் தாண்டாதவர்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைச் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் இருந்தது தெரியவந்தது. உச்ச வரம்பு 0.1 சதவீதம்.

வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் யார் குற்றவாளி என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. இத்தகைய பொருளை விற்றும் ஒருவர் எப்படி இலாபத்தில் இருக்க முடிகிறது என்பதே என் கேள்வி. 'பேராசை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பேராசை இட்லிக் கடைக்காரருக்கும் இருக்கலாம். ஆனால் அவர் கெட்டுப்போன மாவில் இட்லி அவித்தால் மறுநாள் காலையிலேயே கடை காற்றாடும், ஏனென்றால் அங்கே வாடிக்கையாளரின் நாக்குதான் ஆய்வாளர். மருந்தில் அந்த நாக்கு ஏமாந்துவிடுகிறது. டைஎத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, கெட்டியானது, இனிப்பானது. மருந்தில் முறையாகச் சேர்க்கும் கிளிசரினுக்கும் புரொப்பிலீன் கிளைக்காலுக்கும் பக்கத்தில் வைத்தால் கண்ணாலும் நாக்காலும் வேறுபாடு காண முடியாது.

1937இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாசெங்கில் என்ற நிறுவனம் சல்ஃபானிலமைடு மருந்தைக் குழந்தைகளும் விழுங்கும்படி திரவமாக்க விரும்பியது. அதன் வேதியியலாளர் மருந்தை இந்த நஞ்சில் கரைத்து, ராஸ்ப்பெரிப் பழவாசனை சேர்த்தார்; அது 'எலிக்சிர் சல்ஃபானிலமைடு' என்ற பெயரில் விற்பனைக்குப் போனது. அனுப்புவதற்கு முன் மூன்றைச் சோதித்தார்கள்: சுவை, தோற்றம், மணம். நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை, ஏனென்றால் அன்றைய சட்டம் அதைக் கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும், நஞ்சு விற்றதற்காக அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட வழியில்லை. 'எலிக்சிர்' என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்ற ஒரே காரணத்தைக் கொண்டுதான் அரசு அந்தப் பாட்டில்களைப் பறிமுதல் செய்தது. 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அதற்கும் வழியிருந்திருக்காது. அபராதம் சுமார் 26,000 டாலர்.

சோதனைக்கு ஆகும் செலவை யாரும் கட்டாயப்படுத்தாதபோது அதைச் செய்யாமல் விடுவதே இலாபமாகிறது. அதன் விலையைக் கொடுப்பவர் முன்பின் அறியாத யாரோ ஒருவரின் குழந்தை. இது மனிதக் குணக்கேட்டைவிடக் கணக்கில் உள்ள ஓட்டை என்பது என் கருத்து. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

கொங்குத்தொழிலன்:

ஐயா, உங்கள் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதைத் தாழ்மையோடு சொல்கிறேன். 1937இல் அமெரிக்காவில் சட்டம் இல்லை என்பது சரி. 2025இல் காஞ்சிபுரத்தில் எந்தச் சட்டம் இல்லை? 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் எண்பத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறது. அந்த ஆலைக்கு உரிமம் இருந்தது. குழந்தைகள் இறந்த பிறகு உள்ளே போன அதிகாரிகள் முந்நூறுக்கும் மேற்பட்ட விதிமீறல்களைப் பட்டியலிட்டார்கள். அந்த முந்நூறும் முந்தின நாள் இரவு முளைத்தவையா? உரிய காலத்தில் ஆய்வு செய்யவில்லை என்று இரண்டு மருந்து ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

நான் பம்புசெட்டு உதிரி பாகங்கள் செய்கிறவன். என் பட்டறைக்கு ஆண்டுக்கு எத்தனை துறைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் போனார்கள் என்று எழுதினால் இந்த இழை திசைமாறிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: சுவரில் சட்டம் போட்டு மாட்டிய உரிமம் வாங்குகிறவரின் சந்தேகத்தைத் தூங்கவைக்கிறது. 'அரசு பார்த்துக்கொள்ளும்' என்ற எண்ணமே இல்லாதிருந்தால், மருத்துவரும் கடைக்காரரும் 'யார் செய்தது, எங்கே செய்தது' என்று கேட்டிருப்பார்கள்.

சந்தை தண்டிக்காது என்று சொல்வதும் தவறு. இதே நஞ்சின் இன்னொரு கதை உண்டு. 1985இல் ஆஸ்திரியாவில் சில ஒயின் தயாரிப்பாளர்கள், மட்டமான ஒயின் இனிப்பாகவும் கெட்டியாகவும் தெரிய இதே டைஎத்திலீன் கிளைக்காலைக் கலந்தது வெளியே வந்தது. எந்தச் சாவும் பதிவாகவில்லை. ஆனாலும் அந்த நாட்டின் ஒயின் ஏற்றுமதி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது, பழைய நிலைக்குத் திரும்ப ஆண்டுகள் பல ஆயின. எந்த நீதிபதியும் கொடுக்க முடியாத தண்டனை அது.

சுடர்க்கொடி:

நான் பதினோர் ஆண்டுகள் திரவ மருந்து செய்யும் சிறு ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவள். இருவரும் மேலிருந்து பேசுகிறீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பாராசிட்டமால் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் சிரப்பில் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்க்கிறோம். அது 215 கிலோ டிரம்களில் வரும். ஐ.பி. (இந்திய மருந்துநூல்) தரம் என்று சீட்டு ஒட்டியிருக்கும், கூடவே ஒரு பகுப்பாய்வுச் சான்று வரும். விதிப்படி ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் சாம்பிள் எடுத்து, இந்த நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதற்கட்டச் சோதனைக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. டி.எல்.சி. (மெல்லடுக்குப் பிரிகை) தகட்டில் ஊசிமுனை அளவு புள்ளி வைத்து, கரைப்பானில் நிறுத்தி, உலர்த்திச் சாயம் தெளித்தால், நஞ்சு இருந்தால் தனிப் புள்ளியாக விலகி நிற்கும். அரை நாள் வேலை.

ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு டிரம் வந்து இறங்கியது. கலக்கும் கொப்பரையில் தண்ணீர் சூடேறிக்கொண்டிருந்தது, இரவு ஷிஃப்ட் ஆட்கள் தலையுறை மாட்டி நின்றார்கள், காலையில் லாரி ஏற்றியாக வேண்டும். நான் நாளை மதியம்தான் முடிவு சொல்ல முடியும் என்றேன். உற்பத்தி மேலாளர் சான்றை என் மேசையில் வைத்து, "இதில்தான் எல்லாம் இருக்கிறதே அம்மா, இவர் நமக்கு எட்டு வருடமாகப் பொருள் தருகிறவர்" என்றார். அவர் கெட்டவர் அல்லர், என் மகன் காது குத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போனவர். அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு நாட்களில் போட்டிருக்கிறேன். எந்த டிரம்மிலும் நஞ்சு இருக்கவில்லை என்பது என் திறமை அல்ல.

அந்த அவசரத்தின் பணமதிப்பைப் பார்க்கலாம். மருந்துத் தரப் பொருளுக்கும் தொழிற்சாலைத் தரப் பொருளுக்கும் கிலோவுக்கு 50 ரூபாய் வேறுபாடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 60 மில்லி பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு கரைப்பான் என்றால் ஆறு கிராம். மிச்சம் பாட்டிலுக்கு 30 பைசா. இலட்சம் பாட்டிலுக்கு 30,000 ரூபாய். இந்தத் தொகைக்காக யாரும் கொலைகாரராவதில்லை. ஆனால் அதே மருந்தை ஐந்நூறு ஆலைகள் செய்யும்போது, மொத்த விற்பனையாளர் எந்த ஆலையின் விலை பாட்டிலுக்குக் கால் ரூபாய் குறைவோ அங்கே போகிறார். சோதனைச் செலவையும், அதற்கு ஆகும் ஒரு நாள் தாமதத்தையும் விலையில் சேர்த்தவர் ஆர்டரை இழக்கிறார். யாரும் நஞ்சைத் தேர்ந்தெடுப்பதில்லை. பார்க்காமல் இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் நாள்தோறும்.

மருந்துக்கடை மாரியப்பன்:

சகோதரி சொன்னது முழு உண்மை. கடைக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். ஒரே மூலப்பொருள், ஒரே அளவு, ஆறு பெயர்களில் என் அலமாரியில் இருக்கிறது. 'யார் செய்தது' என்று மருத்துவரும் கடைக்காரரும் கேட்டிருப்பார்கள் என்று கொங்குத்தொழிலன் எழுதினார். கேட்டு என்ன செய்வது? லேபிளில் ஊர்ப்பெயர் இருக்கிறது. அந்த ஊருக்குப் போய் டிரம்மைத் திறந்து பார்க்கவா? எங்களுக்குத் தெரிவது மார்ஜின், பத்துக்கு ஒன்று இலவசமா என்பது, டீலர் எத்தனை நாள் கடன் கொடுப்பார் என்பது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

வேங்கடாசலம்:

கொங்குத்தொழிலனின் ஆஸ்திரிய உதாரணத்துக்கு நன்றி. அதை அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

முதலாவது, அதைக் கண்டுபிடித்தது யார்? ஆண்டுக்கணக்கில் அந்த ஒயினைக் குடித்தவர்கள் எவரும் கண்டுபிடிக்கவில்லை, 'நல்ல இனிப்பு' என்று மேலும் வாங்கினார்கள். மேற்கு ஜெர்மனியின் அரசு ஆய்வகங்களே கண்டுபிடித்தன. தகவல் வெளியே வந்த பிறகுதான் சந்தை தண்டித்தது, அந்தத் தகவலைக் கொண்டுவந்தது வரிப்பணத்தில் நடந்த சோதனை. இரண்டாவது, தண்டனை யார் மேல் விழுந்தது? கலந்தவர்கள் சிலர், விற்க முடியாமல் நின்றவர்கள் அத்தனை பேரும். எது நல்ல புட்டி, எது கெட்ட புட்டி என்று தெரியாத நிலையில் வாங்குகிறவர் மொத்தமாக விலகிக்கொள்கிறார். 1970இல் ஜார்ஜ் ஏகர்லோஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்கியது, பின்னர் அதற்காக அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாங்குபவரால் தரத்தைப் பிரித்தறிய முடியாவிட்டால் நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காது, நல்ல பொருள் விற்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். ஆஸ்திரிய ஒயின்காரர்கள் அதே ஆண்டில் ஐரோப்பாவிலேயே கடுமையான ஒயின் சட்டங்களில் ஒன்றைப் பெற்றார்கள், பிற்காலத்தில் அவர்கள் நற்பெயரை மீட்டது அந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

சந்தை தண்டிக்கும் என்றால் மாசெங்கில் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. முதலாளி, தங்கள் தரப்பில் எந்தப் பொறுப்பும் இருப்பதாகத் தாம் கருதவில்லை என்று அறிவித்தார். அதே வேதியியலாளர்தான் தற்கொலை செய்துகொண்டார். நிறுவனம் தொடர்ந்து நடந்து, 1971இல் பீச்சம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நூறு சாவுக்குப் பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள்! இலாபம் எங்கே தங்கியது, துயரம் எங்கே தங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான பேரேடு எனக்குத் தெரியாது.

கொங்குத்தொழிலன்:

ஒப்புக்கொள்கிறேன், ஆஸ்திரியாவில் நல்லவர்களும் அடிபட்டார்கள். ஆனால் தகவல் தேவை என்பதிலிருந்து உரிமம் தேவை என்று தாவுவதை நான் ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே பெரிய வெளி இருக்கிறது.

அமெரிக்காவில் மின்சாதனங்களுக்கு 'யு.எல்.' முத்திரை கொடுக்கும் அமைப்பு 1894இல் தொடங்கியது. தீக்காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் வளர்ந்த தனியார் சோதனைக்கூடம் அது. நம் ஊரிலேயே பாருங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. கொள்முதல் செய்யும் ஒவ்வொரு தொகுதியிலும் சாம்பிள் எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது; தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். அது அரசு அமைப்பு என்றாலும் அங்கே செய்வது அதிகாரியின் வேலை அல்ல, விவரமான வாடிக்கையாளரின் வேலை. எந்தக் கடைச் சங்கிலியும் இதைச் செய்து, 'எங்களிடம் வாங்கினால் சோதிக்கப்பட்டது' என்று விளம்பரம் செய்யலாம்.

கட்டுப்பாடும் இலவசமாக வருவதில்லை. 1962இல் அமெரிக்கா மருந்துச் சட்டத்தை மேலும் இறுக்கியது. பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1973இல் கணக்குப் பார்த்து, அதன்பின் புதிய மருந்துகளின் வரவு பாதிக்கும் மேல் குறைந்தது என்றும், வந்த மருந்துகளின் தரம் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றும் வாதிட்டார். கிடைக்காத மருந்தால் இறந்தவரின் படம் எந்தப் பத்திரிகையிலும் வராது.

இலாப வெறிதான் காரணம் என்றால் பனாமாவை என்ன சொல்வீர்கள்? 2006இல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இருமல் மருந்தைக் கலந்தது அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய ஆய்வகம். முதலாளி இல்லை, பங்குதாரர் இல்லை, மார்ஜின் இல்லை. நஞ்சு மட்டும் இருந்தது.

சுடர்க்கொடி:

பனாமா நல்ல கேள்வி. அதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அன்று மாலை மேசையில் வைக்கப்பட்ட சான்றே நினைவுக்கு வந்தது.

அந்தப் பீப்பாய்கள் சீனாவின் ஒரு சிறு ஆலையில் தொடங்கி, பெய்ஜிங் வணிகர், பார்சிலோனா வணிகர், பனாமா வணிகர் என்று மூன்று கண்டங்களில் மூன்று கைகள் மாறின. ஆலையில் அதற்கு வைத்த பெயர் 'டி.டி. கிளிசரின்', டி.டி. என்பது 'மாற்று' என்று பொருள்படும் சீனச் சொல்லின் சுருக்கம். வழியில் அந்த இரண்டு எழுத்துகளும் காணாமல் போயின, செய்த ஆலையின் பெயரும் காணாமல் போனது, 99.5 சதவீதம் தூய்மை என்ற சான்று மட்டும் கை மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வணிகரும் முந்தியவரின் தாளைத் தம் தலைப்புத் தாளில் எழுதிக்கொண்டார். பொருளை ஒருவரும் சோதிக்கவில்லை. கடைசியில் கலந்த இடம் அரசு ஆய்வகம் என்பது உண்மையே. ஆனால் இலாபம் அந்தச் சங்கிலியின் முன்கண்ணிகளில் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அரசு ஆய்வகம் செய்த தவறு நான் சில நாட்களில் செய்த அதே தவறு: தாளை நம்பியது. அரசோ தனியாரோ, கேட்க ஆள் இல்லையென்றால் கை தாளைத்தான் நாடும்.

இதில் எனக்கு மறக்காத ஒரு செய்தி உண்டு. மறு ஆண்டு பனாமா நகரத்துக் கடையில், குனா பழங்குடியைச் சேர்ந்த ஓர் அரசு ஊழியர் தள்ளுபடி விலைப் பற்பசைக் குழாயைக் கையில் எடுத்து, மூலப்பொருள் பட்டியலை வாசித்தார். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தது. எத்தனையோ சுங்கச்சாவடிகளைக் கடந்து வந்த குழாய். ஒரு மனிதர்தான் படித்தார். அவர் புகார் கொடுத்த பிறகு பல நாடுகளில் அந்தப் பற்பசை திரும்பப் பெறப்பட்டது.

யு.எல். முத்திரையைப் பற்றி: அது வேலை செய்ததற்குக் காரணம், வீடு எரிந்தால் பணம் கொடுக்க வேண்டியவர் காப்பீட்டாளர். நட்டம் அவர் மடியில் விழும், ஆகவே அவர் முன்கூட்டியே கம்பியைச் சோதித்தார். சிந்துவாராவின் பராசியாவில் குழந்தை இறந்தால் யார் மடியில் நட்டம் விழுகிறது? ஆலையின் மடியில் இல்லை, டீலரின் மடியில் இல்லை. மருத்துவச் செலவுக்கு ஆட்டோவை விற்றவர், நிலத்தை அடகு வைத்தவர் மடியில்.

இன்னொன்று, நேரம். இந்த நஞ்சு குடித்த அன்றே கொல்வதில்லை. ஓரிரு நாள் வாந்தி, பிறகு சிறுநீர் குறைதல், அதன் பிறகே மயக்கம். காய்ச்சலில் படுத்த குழந்தை மோசமானால் நோய்தான் முற்றியது என்று பெற்றோர் நினைப்பார்கள், மருத்துவரும் நினைப்பார். 1972இல் சென்னையில் 14 குழந்தைகள், 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள், 1998இல் குருகிராம் பகுதியில் 33 குழந்தைகள் என்று நமக்குத் தெரிவதெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து விழுந்ததால் தெரிந்தவை. நான்கு மாவட்டங்களில் சிதறி இறந்திருந்தால் எந்தச் சந்தைக்கும் செய்தி போயிருக்காது.

கொங்குத்தொழிலன்:

சகோதரி, நட்டம் யார் மடியில் என்ற உங்கள் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் தீர்வும் அங்கேதான் இருக்கிறது. குழந்தைகளுக்கான திரவ மருந்து செய்கிற ஒவ்வொரு ஆலையும் ஓர் உயிருக்குக் கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும் அளவுக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று வையுங்கள். காப்பீட்டு நிறுவனம் தன் பணத்தைக் காக்கத் தானே ஆள் அனுப்பும். அந்த ஆளை 'கவனித்து' அனுப்ப முடியாது, கவனித்தால் நட்டம் அவர் முதலாளிக்கு. மோசமான ஆலைக்குப் பிரீமியம் எகிறும், அது தானாக மூடும். ஆய்வாளரை யார் ஆய்வு செய்வது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் இதுதான்.

விதிகளை அடுக்கிக்கொண்டே போனால் நடப்பது வேறு. மருந்து ஆலைகளுக்கான திருத்தப்பட்ட 'அட்டவணை எம்' தரவிதிகள் வந்தபோது சிறு ஆலைக்காரர்கள் கூடுதல் அவகாசம் கேட்டு அலைந்தார்கள், பெரிய நிறுவனங்கள் வாய் திறக்கவில்லை. போட்டியாளர்கள் குறைந்தால் அவர்களுக்கு நட்டமா?

வேங்கடாசலம்:

நீங்கள் சொல்லும் காப்பீடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'எடுத்திருக்க வேண்டும்' என்று எழுதினீர்கள். வேண்டும் என்று யார் சொல்வது? எடுக்காதவர் ஆலையை யார் பூட்டுவது? மோட்டார் வாகனக் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் சொல்லியும் காலாவதியான காப்பீட்டோடு ஓடும் வண்டிகள் நம் சாலைகளில் எத்தனை! கட்டாயக் காப்பீடும் ஒரு கட்டுப்பாடுதான். எந்த வடிவக் கட்டுப்பாடு என்பதில் நாம் வேறுபடலாம்; வேண்டுமா என்பதில் நீங்கள் இப்போது என் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

பெல்ட்ஸ்மன் கணக்கும் இங்கே பொருந்தாது. அவர் பேசியது புதிய மருந்து பலன் தருமா என்று நிரூபிக்கக் கேட்கும் ஆண்டுக்கணக்கான சோதனைகளைப் பற்றி. நாம் பேசுவது அரை நாளில் முடியும் ஒரு தகட்டுச் சோதனை. அதனால் எந்தப் புதிய மருந்தும் பிறக்காமல் போகாது. 1938இல் அமெரிக்கா, விற்பதற்கு முன் பாதுகாப்பைக் காட்டு என்று சட்டம் கொண்டுவந்தது. மாசெங்கில் நஞ்சை எலிகளுக்கும் மற்ற விலங்குகளுக்கும் கொடுத்துச் சோதித்த சிகாகோ ஆய்வகத்தில் அப்போது மாணவியாக இருந்த ஃபிரான்சஸ் கெல்சிதான், பின்னர் அரசின் மருந்து அதிகாரியாக, அந்தச் சட்டத்தின் கீழ் வந்த, பிறக்கும் குழந்தைகளை ஊனமாக்கிய தாலிடோமைடு மருந்தின் விண்ணப்பத்தை 1960 முதல் கையெழுத்திடாமல் நிறுத்திவைத்தார். நிறுவனத்தார் மீண்டும் மீண்டும் வந்து கேட்டும் அவர் அசையவில்லை. அந்தத் தாமதத்தின் விலையையும் பெல்ட்ஸ்மன் பாணியில் ஒருவர் கணக்கிடலாம்.

நம் நாட்டில் எனக்கு உறுத்துவது இதுதான். 2022 அக்டோபரில் காம்பியாவில் ஏறக்குறைய எழுபது குழந்தைகளின் சாவோடு ஹரியானாவில் தயாரான சிரப்புகளைத் தொடர்புபடுத்தி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. வெளிநாட்டில் நம் பெயர் கெட்டது. உடனே விதி வந்தது: 2023 ஜூன் 1 முதல், இருமல் மருந்தை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் அரசு ஏற்ற ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்றாக வேண்டும். சோதிக்க ஆளில்லை, கருவியில்லை, நேரமில்லை என்று யாரும் சொல்லவில்லை. காம்பியாக் குழந்தைக்குப் போகும் பாட்டிலுக்குக் கிடைத்த அந்தக் காவல், பராசியாவுக்குப் போன பாட்டிலுக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஆலை, ஒரே கொப்பரை என்றாலும் லாரி எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்துச் சோதனை.

கொங்குத்தொழிலன்:

ஏற்றுமதி விதி பற்றிய உங்கள் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் திண்ணையில் உட்காரவில்லை, வாசலில் நிற்கிறேன். உங்கள் விதியை நடத்தப்போகிறவர் காஞ்சிபுரத்தில் பணியிடை நீக்கம் ஆனவரின் இருக்கையில் அடுத்து உட்காரப்போகிறவர். சோதனை முடிவுகளைத் தொகுதி எண்ணோடு இணையத்தில் போடட்டும், நானும் மாரியப்பனும் பார்க்கும்படி. அது நடந்தால் உள்ளே வருகிறேன்.

மருந்துக்கடை மாரியப்பன்:

தொகுதி எண் என்றதும் எழுதத் தோன்றுகிறது. அந்த அக்டோபரில், கோல்ட்ரிஃப் தவிர இன்னொரு சிரப்பையும் விற்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதரைக்கு ஒரு படம் வந்தது. கடையைப் பாதி அடைத்திருந்தேன். மறுபடி திறந்து அலமாரியைப் பார்த்தேன், ஏழு பாட்டில் இருந்தன. கொள்முதல் பில்லில் இருபது. ஏழையும் அட்டைப்பெட்டியில் போட்டு 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி உள்ளே வைத்தேன்.

மீதி பதின்மூன்று பாட்டில் போன இடம் தெரியாது. சில்லறைக்கு வாங்கிப் போனவர்கள்; 'பில் வேண்டாம், சீக்கிரம் கொடுங்க' என்று சொன்னவர்கள். இரண்டு பேர் முகம் நினைவு வந்தது. ஒருவர் பக்கத்துத் தெரு, அன்றிரவே போய்க் கதவைத் தட்டி வாங்கிவந்தேன், பாதி காலியாகியிருந்தது, குழந்தை நன்றாக இருந்தது. இன்னொருவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை, பேருந்து நிலையத்திலிருந்து வந்தவர். வேங்கடாசலம் ஐயா சொன்ன 1937 கதையை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்க ஆய்வாளர்கள் மருத்துவர்களின் சீட்டுகளை எல்லாம் புரட்டி வீடு வீடாகப் போய், அனுப்பப்பட்ட 240 காலனில் 234 காலனுக்குச் சற்று அதிகமாக மீட்டார்களாம். கணினி இல்லாத காலத்தில். என் கடையில் கணினி இருக்கிறது. பதின்மூன்றில் ஒன்றுதான் திரும்பியது.